இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட வேண்டுமா?

கேள்வி: ஐயா, நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். காலமான என் தந்தையாரின் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருந்த காரைச் சென்ற தை மாதம் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ஓட வைத்தேன். காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் கரும்புகை நிற்பதில்லை. முன் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. ஆம்பூர் வரை நன்றாக ஓடுகிறது. அங்கே சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் முக்கால் மணி நேரம் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஏலகிரி மலையில் வளைவு திரும்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் திணறி, பிறகுதான் இழுக்கிறது. மெக்கானிக் பலமுறை டியூனிங் செய்து பார்த்துவிட்டு, இரண்டையும் கழற்றிவிட்டு வேறு காரின் ஒற்றைக் கார்புரேட்டரைப் பொருத்திவிடலாம் என்கிறார். நான் சம்மதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளும் ஒரே நோயின் அறிகுறிகளாக எனக்குத் தெரியவில்லை; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் "கார்புரேட்டர் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டியதால்தான், எத்தனை முறை டியூனிங் செய்தும் பலன் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருவது கார்புரேட்டர்; உங்கள் காரிலுள்ள எஸ்.யூ. எச்.எஸ்.4 வகை மிகக் குறைந்த உறுப்புகளைக் கொண்டது. தேய்ந்த உறுப்பை மாற்றினால் மீண்டும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. அதை எடுத்துவிட்டு ஒற்றைக் கார்புரேட்டர் வைத்தால் அதற்கென மேனிஃபோல்டு (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் குழாய்), பெடலோடு இணைக்கும் லிங்கேஜ், சோக் கேபிள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டிவரும். அதன் பிறகும் கார் ஆம்பூரில் நிற்கத்தான் போகிறது, ஏனென்றால் அங்கே நிற்பதற்கான காரணம் கார்புரேட்டருக்குள் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். பெட்ரோல் சொட்டுவதைச் சரிசெய்யும் வரை காரை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் எஞ்சினில் கார்புரேட்டர்களும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக அமைந்திருக்கின்றன. மேலே சொட்டும் பெட்ரோல், சூடான இரும்பின் மீதுதான் விழும். இந்த ஒரு காரணத்தால் எரிந்துபோன பழைய கார்களை நான் பார்த்திருக்கிறேன். பணி நடக்கும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; கொட்டகையின் கதவைத் திறந்து வைத்து, எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகே கையை வையுங்கள்.

சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து என்று எழுதவில்லை. அந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கார்புரேட்டரைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். காரின் பின்புறம் அடியில் இருக்கும் மின்சாரப் பெட்ரோல் பம்ப் "டக், டக்" என்று சில முறை அடித்துவிட்டு ஓய வேண்டும். கார்புரேட்டருக்கான பெட்ரோலைத் தேக்கி வைக்கும் இரண்டு மிதவைக் கிண்ணங்களும் நிரம்பி, அவற்றின் ஊசி வால்வுகள் மூடிக்கொண்டதற்கு அந்த ஓய்வுதான் அடையாளம். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது, அல்லது பம்ப் பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடாத நிலையில் சாவியை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் விட்டுவைக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிவிடும்.

மிதவைக் கிண்ணத்தின் மூடியிலிருந்து கீழிறங்கும் மெல்லிய குழாய் வழியே பெட்ரோல் வந்தால் அது ஓவர்ஃப்ளோ. ஊசி வால்வு மூடவில்லை, அல்லது மிதவை மிதக்கவில்லை. மூடியைத் திறந்து மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் ஓசை கேட்டால் மிதவை ஓட்டை, மாற்றியாக வேண்டும். ஓசை இல்லையென்றால் ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தால் தடவும்போது ஒரு வளையம் தட்டுப்பட்டால் முனை தேய்ந்திருக்கிறது. வைட்டான் ரப்பர் முனை கொண்ட ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே வாங்கிப் போடுங்கள். இரண்டு ஆண்டுகள் நின்ற டாங்கில் துருப்பொடி சேர்ந்திருக்கும். அதில் ஒரு துகள் இருக்கையில் சிக்கினாலும் இதே ஓவர்ஃப்ளோ வரும் என்பதால், டாங்கைக் காலி செய்து கழுவாமல் ஊசியை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். மூடியைத் திருப்பி ஊசி மூடியிருக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு பார்த்தால், மூடியின் விளிம்புக்கும் மிதவையின் கைக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்; கைப்புத்தகம் சொல்லும் 1/8 அங்குல அளவுக்கு அதே அளவுள்ள டிரில் பிட்டின் தண்டைச் செருகிப் பார்ப்பது நாங்கள் செய்யும் முறை.

பெட்ரோல் அந்தக் குழாயில் வராமல், கார்புரேட்டருக்கு நேர் கீழே, ஜெட்டின் (பெட்ரோல் பாயும் துளை கொண்ட குழல்) அடிப்பகுதியிலோ கிண்ணத்தின் அடியிலோ கசிந்தால் அது வேறு விஷயம். கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்குப் பெட்ரோலைக் கொண்டுசெல்லும் நைலான் குழல் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முனையில் சிறிய ரப்பர் வாஷர் உண்டு. இரண்டு ஆண்டுகள் காய்ந்து கிடந்ததில் ரப்பர் சுருங்கி வெடித்திருக்கும். இந்தக் கசிவை ஊசி வால்வை மாற்றிச் சரிசெய்ய முயன்றால் நாள்தான் வீணாகும். இதைத் தவிர, பம்பை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எஸ்.யூ. கார்புரேட்டர் தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டுதான். இக்கால இன்ஜெக்ஷன் காரின் பம்பைப் பொருத்தியிருந்தால் எந்த ஊசியாலும் அதைத் தடுக்க முடியாது.

அந்த நைலான் குழலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கரும்புகைக்கும் அதுவே வழிகாட்டும். அதை விளக்க இந்தக் கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கார்புரேட்டர்களில் காற்று செல்லும் தொண்டையின் அளவு மாறாது, எஸ்.யூ.வில் மாறும். மணி போன்ற அறைக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ, அந்த அளவுக்குப் பிஸ்டன் மேலெழுந்து வழிவிடுகிறது. பிஸ்டனின் அடியில் கூம்பாகச் சரியும் வேறோர் ஊசி ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் ஏறும்போது ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வருவதால் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது. இவ்வளவுதான். இதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தில் காலணி வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் செய்த முதல் கார்புரேட்டரில் இந்தப் பிஸ்டனின் இடத்தில் இருந்தது தோலால் தைத்த ஒரு துருத்தி. "ஸ்கின்னர்ஸ் யூனியன்" என்பதன் சுருக்கமே எஸ்.யூ.; நிறுவனம் 1910இல் பதிவானது. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் சூழ்ந்த தோல் நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கார்புரேட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தோல் துருத்தி என் நினைவுக்கு வரும்.

இனி சோக். பல கார்களில் சோக் இழுத்தால் காற்றை மறைக்கும் தகடு ஒன்று மூடும். உங்கள் காரில் அப்படிப்பட்ட தகடே இல்லை. சோக் இழுக்கும்போது ஜெட் முழுவதுமாகக் கீழே இறங்குகிறது. ஊசியின் மெல்லிய பகுதி துளையில் நிற்பதால் பெட்ரோல் அதிகம் பாய்கிறது. சோக்கைத் தள்ளியதும் ஜெட் மேலே திரும்பி, கலவையைச் சரிசெய்யும் நட்டில் இடித்து நிற்க வேண்டும். நைலான் குழல் விறைத்துப்போயிருந்தாலோ, ஜெட்டின் மேல் அழுக்குப் பிசின் படிந்திருந்தாலோ, கேபிள் துருப்பிடித்திருந்தாலோ ஜெட் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் நீங்கள் சோக் போட்டபடியே நாள் முழுவதும் ஓட்டுகிறீர்கள். கரும்புகை அதனால்தான் என்பது என் உறுதியான ஊகம். சோதித்துப் பார்ப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுத்து உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு கார்புரேட்டரின் அடியிலும் விரலை வைத்து ஜெட்டை மேல்நோக்கி அழுத்துங்கள். ஏதாவது ஒன்று மேலே நகர்ந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இதைப் பார்க்காமல் உங்கள் மெக்கானிக் கலவை நட்டைத் திருகியிருந்தால், தொங்கிக்கொண்டிருந்த ஜெட்டுக்கு மேலே நட்டு எங்கே இருந்தாலும் புகை மாறியிருக்காது. அவர் மனம் சோர்ந்து போனதில் வியப்பில்லை.

அடுத்து ஆம்பூர். பிரியாணி சாப்பிட்டு வருவதற்குள் காருக்கு என்ன நேர்கிறது? ஓடும்போது ரேடியேட்டர் விசிறியும் எதிர்க்காற்றும் பானெட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு நேராக மேலே ஏறி மிதவைக் கிண்ணங்களைச் சுடுகிறது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் நம் ஊர்ச் சாலையோர நிழலே அந்த அளவை எட்டிவிடுகிறது என்றால், மூடிய பானெட்டுக்குள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிண்ணத்தில் கொதிக்கும் பெட்ரோல் ஜெட் வழியே பொங்கி மேனிஃபோல்டை ஈரமாக்கிவிடும். அல்லது குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொண்டு பம்ப் வேலை செய்யாமல் போகும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஆறி, கார் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

ஆனால் இதே அறிகுறியைக் பாயிண்டோடு இணைந்த சிறு மின் உறுப்பான கண்டென்சர் கெட்டாலும் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார், வேலூரிலிருந்து கிளம்பிப் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் தினமும் நின்றுவிடும். மூன்று முறை கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினேன். வெப்பக் கவசம் மாற்றினேன். உரிமையாளரிடம் வெயிலைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சிறிய கண்டென்சர், சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, பற்றவைப்பு அமைப்பை முழுமையாகச் சோதிக்காமல் நான் கார்புரேட்டரைத் தொடுவதில்லை. உங்களுக்கும் அதே வரிசையைத்தான் பரிந்துரைக்கிறேன்.

எனவே அடுத்த முறை சூட்டில் நின்றால் இரண்டையும் பிரித்தறியுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி, சோக் தொடாமல், பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். முக்கி முனகி, சைலன்சரில் ஒரு கரும்புகைக் கொத்தைத் தள்ளிவிட்டுக் கிளம்பினால் பெட்ரோல் பொங்கியிருந்தது என்று அறியலாம். இந்தக் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது என்பதால், ஃபியட் கார் ஓட்டிப் பழகியவர்கள் செய்வதுபோல் பெடலை அடிக்கடி மிதிப்பதால் எந்தப் பயனும் இல்லை. அப்படியும் கிளம்பாவிட்டால், டைமிங் லைட் ஒன்றின் கவ்வியைப் பிளக் ஒயரில் மாட்டிச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு சீராக மின்னினால் தீப்பொறி இருக்கிறது. மின்னாவிட்டாலோ விட்டுவிட்டு மின்னினாலோ கண்டென்சரையும் காயிலையும் மாற்றிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மீது வைத்துப் பொறி பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும் காரில் அதை ஒருவரும் செய்யக் கூடாது.

பற்றவைப்பில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர், குளிர்ந்த எஞ்சினில் டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.015 அங்குலம், சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1, 3, 4, 2. உங்கள் கார் 1967க்கு முற்பட்டது என்பதால் அதில் பாசிட்டிவ் எர்த்; பேட்டரியின் கூட்டல் முனைதான் உடலோடு இணைந்திருக்க வேண்டும். புதுப் பேட்டரி போட்டவர் இக்காலக் கார் என்று எண்ணி மாற்றி இணைத்திருந்தால் காயிலின் பொறி வலுவிழக்கும். எஞ்சின் சூடானபின் அது நன்றாகத் தெரியும். பாசிட்டிவ் எர்த் காரில் காயிலின் கூட்டல் முனையிலிருந்து வரும் ஒயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும்.

தீப்பொறி சரியாக இருந்து, வெப்பமே காரணம் என்று உறுதியானால் செய்ய வேண்டியவை: கார்புரேட்டர்களுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே தொழிற்சாலையில் பொருத்திய தகட்டுக் கவசம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கார்களில் யாரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்திருப்பார். கார்புரேட்டரை மேனிஃபோல்டிலிருந்து பிரிக்கும் கெட்டி இன்சுலேட்டர் துண்டுகள் உடையாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸ் எக்ஸாஸ்ட்டையோ ரேடியேட்டர் ஹோஸையோ உரசாமல் போக வேண்டும். ஆம்பூரில் நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்திரை, வைகாசியில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

இப்போதைய பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கார் செய்யப்பட்ட நாளில் எத்தனால் கலந்த பெட்ரோலை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய எடை அளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கு போதும். அதாவது பழைய அளவிலேயே ஜெட் நின்றால் எஞ்சினுக்குக் கலவை லீனாகிறது, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் கிடைப்பதில்லை. பிளக் வெளுத்து, இழுவை குறைந்து, சூடு கூடும். ஆகவே கடைசியில் கலவையைச் சரிசெய்யும்போது தொழிற்சாலை அளவைவிடச் சற்று ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) வைக்க வேண்டிவரும். எத்தனால் பழைய ரப்பரைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டாங்கிலும் கிண்ணத்திலும் துருவையும் வெள்ளைப் பொடியையும் உண்டாக்கும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் காரை எடுக்கப் போவதில்லை என்றால் டாங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். உங்கள் தந்தையாரின் காலத்தில் இந்த அக்கறை தேவைப்படவில்லை.

ஏலகிரித் திணறலுக்கு வருவோம். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைந்து, திரும்பியதும் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். அந்தக் கணத்தில் பிஸ்டன் விருட்டென்று மேலே தாவிவிட்டால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும், எஞ்சின் திணறும். பிஸ்டனின் தாவலைத் தாமதப்படுத்தத்தான் மணி அறையின் உச்சியில் எண்ணெயும் அதனுள் ஒரு டாம்பரும் இருக்கின்றன. மேலே உள்ள கறுப்பு மூடியைக் கையால் திருகி இழுத்துப் பாருங்கள். உள்ளே எண்ணெய் வறண்டு கிடந்தால் நான் சிறிதும் வியப்படைய மாட்டேன். இரண்டு ஆண்டு நின்ற காரில் அதை நிரப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிஸ்டனின் உட்குழல் விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயரம் வரும்வரை எண்ணெய் ஊற்றுங்கள். தயாரிப்பாளர் சொன்னது எஸ்.ஏ.ஈ. 20 எஞ்சின் ஆயில். நம் ஊர் வெப்பத்தில் அது நீர்த்துவிடுகிறது என்பதால் நான் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலையே இதற்கும் பயன்படுத்துகிறேன். தையல் இயந்திர எண்ணெய் இதற்கு மிக மெல்லியது, கிரீஸ் கூடவே கூடாது. எண்ணெய் நிரப்பியதிலேயே உங்கள் திணறல் நீங்கிவிட வாய்ப்பு அதிகம். நீங்காவிட்டால் லீன் கலவையைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை விரலால் முழுதும் தூக்கி விடுங்கள். அது மெதுவாக இறங்கி, அடியில் "டிக்" என்று உலோக ஓசையுடன் உட்கார வேண்டும். ஓசை வராமல் நடுவில் தங்கினால், ஊசி ஜெட்டில் உரசுகிறது, அல்லது மணி அறைக்குள் அழுக்குப் படிந்திருக்கிறது. அறையைக் கழற்றி மெல்லிய துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் மட்டும் படக் கூடாது. இங்கே என் இளமைக்காலத்துப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். தொழில் பழகிய நாட்களில், இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட கார் ஒன்றின் இரு பிஸ்டன்களையும் இரு மணி அறைகளையும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவி, எது எதற்குரியது என்று குறிக்காமல் மாற்றி மாட்டிவிட்டேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் அறைக்கென்றே இழைத்துப் பொருத்துகிறார்கள். மாறினால் ஒன்று இறுகும், மற்றது தளரும். அந்தக் கார் பல வாரங்கள் பட்டறைக்கு வந்துபோனது, காரணம் புரியாமல் அதன் உரிமையாளர் பட்ட அலைச்சல் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கார்புரேட்டரை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். முன், பின் என்று தனித்தனித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

அறுபது வயதை எட்டும் கார்புரேட்டரில் கட்டாயம் தேய்ந்திருக்கும் உறுப்பு த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது திறக்கும் த்ராட்டில் தகட்டின் அச்சு. அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளி வழியே திருட்டுக் காற்று நுழைகிறது, ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது. எஞ்சின் ஓடும்போது ஸ்பிண்டில் முனைகளிலும் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் தண்ணீரை மென்மையாகப் பீய்ச்சினால், கசிவு உள்ள இடத்தில் எஞ்சினின் ஓசை மாறும். இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயையோ பயன்படுத்துபவர்களை நான் கண்டித்திருக்கிறேன். கீழே சூடான எக்ஸாஸ்ட் இருப்பதை மறக்கக் கூடாது. தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் உடலைத் துளையிட்டுப் புஷ் அடித்துப் புது ஸ்பிண்டில் பொருத்தலாம். கார்புரேட்டரை விலைக்கு வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான் இதற்கு ஆகும்.

இவை அனைத்தும் முடிந்த பிறகே டியூனிங். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். இரு த்ராட்டில்களையும் இணைக்கும் கவ்விகளைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழலின் முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், காற்று உள்ளே செல்லும் சீறல் ஓசை இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி ஐட்லிங் திருகுகளை மாற்றி மாற்றித் திருகுங்கள். இரு ஜெட்டுகளும் தொண்டையின் தளத்தோடு சமமாக நிற்கும்வரை நட்டுகளை மேலேற்றிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றையும் பன்னிரண்டு முகங்கள், அதாவது முழுதாக இரண்டு சுற்று, கீழிறக்குங்கள். இது தொடக்க நிலை. கீழே இறக்க இறக்கக் கலவை ரிச், மேலேற்ற லீன். பிறகு கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு ஊசித் தண்டை மேலே தள்ளிப் பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் அளவு மட்டும் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். உடனே வேகம் குறைந்து நிற்கப் பார்த்தால் லீன். ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு முகத்துக்கு மேல் திருகாமல், முன்னும் பின்னும் மாறி மாறிச் செய்ய வேண்டும். சைலன்சர் ஓசையும் உதவும்: சீரான இடைவெளியில் தாளம் தப்பிக் கரும்புகையோடு வந்தால் ரிச், ஒழுங்கில்லாமல் தெறித்தால் லீன். எத்தனாலுக்காக இறுதியில் ஒரு முகம், தேவைப்பட்டால் இரண்டு, கீழிறக்கி வைக்கிறேன். இருபது கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டி, ஐட்லிங்கில் விடாமல் எஞ்சினை நிறுத்திப் பிளக்குகளைப் பாருங்கள். செம்பழுப்பு நிறம் வேண்டும், கரியும் கூடாது, சுண்ணாம்பு வெளுப்பும் கூடாது. முதல் இரண்டு பிளக்குகளின் நிறம் முன் கார்புரேட்டரையும், பின் இரண்டும் பின் கார்புரேட்டரையும் பற்றிச் சொல்லும்.

ஏலகிரியின் ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கலவை சற்று ரிச்சாகும். ஒரு நாள் பயணத்துக்காக அதற்கென்று நட்டைத் திருக வேண்டியதில்லை.

உங்கள் மெக்கானிக்கைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை, இரட்டை எஸ்.யூ.வை அவர் கையாள வாய்ப்பே கிடைத்திருக்காது. இந்த வேலைக்கு, பழைய அம்பாசடர் கார்களைப் பல ஆண்டுகள் பார்த்த ஒருவரைத் தேடுங்கள். அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் உங்கள் காரின் 1798 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ஒரே "பி சீரிஸ்" குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த எஞ்சினோடு வாழ்நாளைக் கழித்த கைகள் வேலூரிலும் காட்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் இன்னும் இருக்கின்றன. மேலே எழுதியதை அவரிடம் காட்டுங்கள். அவர் வேறு வரிசையில் செய்ய விரும்பினாலும், கலவை நட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

சாவியைத் திருப்பியதும் பம்ப் எத்தனை முறை அடித்து ஓய்கிறது, பெட்ரோல் எந்த இடத்தில் சொட்டுகிறது, விரலால் அழுத்தியபோது எந்த ஜெட் மேலே நகர்ந்தது, நான்கு பிளக்குகளும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்ற நான்கையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த உறுப்புகளை வாங்க வேண்டும் என்பதைத் தனியே எழுதுகிறேன்.